இரண்டு கொக்கி

ரயில்வே கேட்டில் மணி அடிக்கத் தொடங்கியதும் என் வலது கை முழங்கால்மேல் எதையோ தேடியது. ஸ்கூட்டரை ஓட்டிவந்த தேவகி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இன்னாய்யா, மேல ஏறிட்டியா?"

ஏறிவிட்டேன்தான். கேட் மணிக்கும் கிரேன் மணிக்கும் ஒரே குரல். பெரிய எடை ஒன்று இடம் மாறப்போகிறது, விலகி நில் என்பதைத் தவிர அந்த மணிக்கு வேறு பேச்சுத் தெரியாது. கை தேடியது லீவரை. மனைவியின் முதுகுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத கொக்கி ஒன்றை நான் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தேன்.

அது நேற்று. ஸ்கூட்டரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தோம். இன்று வார்டில் இருக்கிறேன். இடது புறங்கையில் ஊசி, வலது கையில் பேனா. நாளை தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கப்போகிறார்கள். அதுவரை சும்மா இருக்க எனக்கு வராது. எடையைக் குறைக்க வயிற்றைச் சிறிதாக்கிக்கொண்டவர்களுக்கும், சிறிதாக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், அப்படிப்பட்டவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் சொல்வதற்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறேன். உலையிலிருந்து உருகி வரும் இரும்பை ஆள் உயர வாளியில் பிடிப்பார்கள். லேடில் என்போம். அந்த வாளியைக் கொக்கியில் தூக்கி, ஷெட்டின் குறுக்கே நகர்த்தி, அச்சுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு வாளி சூரியன். கீழே மஞ்சள் தொப்பிகள். அவற்றில் ஒன்று ஏழுமலையுடையது. கை அசைத்து எனக்கு வழி காட்டுகிறவன் அவன். பழவேற்காட்டு ஏரியில் வலை இழுக்கிற குடும்பம். அந்த இழுப்பு இன்னும் அவன் தோளில் இருக்கிறது. ஏற்று என்றால் வலையை வாரி மேலே தூக்குவது மாதிரிக் காட்டுவான். நான் அவன் கையைப் பார்ப்பேன். அவன் கொக்கியைப் பார்ப்பான். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நான் பெருத்துக்கொண்டே போனேன். கேபின் பெருக்கவில்லை. ஏணியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்கினேன். அதுகூடப் பரவாயில்லை. பகலில் தூக்கம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், திரை விழுவது மாதிரி வந்தது. ஒரு மத்தியானம், நல்லவேளையாகக் காலி வாளியோடு, கிரேன் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கண் மூடிவிட்டது. ஏழுமலையின் விசில் காதைக் கிழித்துத்தான் விழித்தேன். வாளி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் என் முன்னால் வந்து நின்றான். "தூங்கறதுன்னா ஊட்ல தூங்கு நைனா. தலைக்கு மேல வாளிய வச்சிக்கினு தூங்காத. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது."

சென்னை ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துச் சோதனை செய்தார்கள். கழுத்துச் சதை மூச்சுக்குழாயை அழுத்துகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி முழுக்க மூளை செத்துப் பிழைப்பதால் பகலில் தூங்கிவிழுகிறீர்கள் என்றார் டாக்டரம்மா. சர்க்கரையும் ஏறியிருந்தது. "வயித்த நீளவாக்குல வெட்டி எடுத்துட்டு, ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயா விட்டுடுவோம். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடும்." அவர் அதைத் தாளில் வரைந்து காட்டினார். வெட்டி எடுக்கும் பாகத்தைக் கோடு போட்டு நிரப்பினார். என் பசி இத்தனை வருஷமாக அந்தக் கோடுகளுக்குள் குடியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காத்திருப்புக் கூடத்தில் எல்லாருமே பெரிய உடம்புக்காரர்கள். நாற்காலியின் கைப்பிடிகளுக்குள் தங்களைத் திணித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடும் பெயர் நம்முடையதாக இருக்கக்கூடாது என்றும், சீக்கிரம் கூப்பிட்டுத் தொலைக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றும். பில் கவுண்டரில் தேவகி நின்றாள். காப்பீடு போக மீதிக்கு அவள் என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறுவை முடிந்து முதலில் கொடுத்தது தண்ணீர். மருந்து பாட்டில் மூடியில் ஒரு மூடி. அதை விழுங்க நான் பட்ட பாடு! வயிற்றுக்குள் யாரோ கதவைச் சாத்திப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது. தேவகி கீழே கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, மீன் குழம்பு வாசம் எனக்கு வரக்கூடாதென்று சோப்புப் போட்டுக் கைகழுவிக்கொண்டு வருவாள். அப்படியும் வரும். அவள் பாவமாக முந்தானையில் கையைச் சுற்றிக்கொள்வாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு சொல்லித்தரும் அம்மா எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். முதலில் தெளிவான கஞ்சித் தண்ணீர், ரசம். பிறகு மசித்தது. பிறகு குழைந்தது. பிறகுதான் மற்றதெல்லாம். எப்போதும் முட்டை, பருப்பு, மீன் முதலில், சோறு கடைசியில். வாயிலேயே கூழாக்கி விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. தண்ணீரை நாள் முழுக்க வாய்வாயாகக் குடிக்க வேண்டும். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். "வாந்தி நிக்கலன்னா வீட்ல உக்காந்திருக்காதீங்க. பக்கத்துல எங்கயும் போகாதீங்க. இங்க வந்துடணும்."

நான் தலையாட்டினேன். கேபினுக்குள் அந்த வார்த்தைகளால் ஏற முடியாது என்று அப்போது தெரியவில்லை.

உடம்பு வடிந்தது. அதுவரை சரியாகத்தான் போனது. குறட்டை நின்றது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். தேவகி குட்டிக் கிண்ணமும் குழந்தைக் கரண்டியும் வாங்கிவைத்தாள். பக்கத்து வீட்டில் பிரியாணி செய்தால் என்னை வெளியே நடக்கக் கூட்டிப்போவாள். மறுபடி ஏணி ஏறிய அன்று ஏழுமலை சுற்றிச்சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா நைனா, பாதி ஆள ஊட்லயே உட்டுட்டு வந்துட்டியா? சம்பளம் முழுசா குடுப்பானா, பாதியா?"

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். எலும்பு தெரியத் தெரிய எல்லாரும் பாராட்டினார்கள். இதை நினைவில் வையுங்கள். இந்த வியாதியில் நீங்கள் கரைந்துபோவதைப் பார்த்துத்தான் ஊர் கைதட்டும்.

கிரேன்காரன் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டும். இறங்கினால் உலை காத்திருக்கும், உலை காத்திருந்தால் மேஸ்திரியின் வாய் காத்திருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கேபினில் உட்கார்ந்த எல்லாருடைய உடம்பும் தானாகக் கற்றுக்கொண்ட வழக்கம். எனவே வாய்வாயாகக் குடிக்க வேண்டிய தண்ணீர் முழுக்கப் பாட்டிலில் அப்படியே இருக்கும். மாற்று ஆள் வந்து உட்கார்ந்ததும் ஓடி இறங்குவேன். கேன்டீனில் சோறு, சாம்பார், முட்டை, அதன்மேல் மோர், அதன்மேல் தண்ணீர். மெல்ல நேரம் ஏது? வாழைப்பழ வயிற்றுக்குள் ஒரு ஷிப்ட்டின் பசியையும் தாகத்தையும் ஒன்றாக ஊற்றுவேன். ஏணியில் ஏறும்போதே அது திரும்பி ஏறும்.

முதலில் எப்போதாவது. பிறகு நாள்தோறும். பிறகு எது போனாலும். காலையில் விழுங்கிய வைட்டமின் மாத்திரை மஞ்சளாக வெளியே வந்து கிடக்கும். கேபினில் பாலித்தீன் கவர் வைத்துக்கொண்டேன். தேவகியிடம் சொல்லவில்லை. சொன்னால் கிரேனை விட்டு இறக்கிவிடுவாள் என்று பயம். அறுவை செய்துகொண்டதே கிரேனுக்காகத்தானே.

கால் துவண்டது. உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. எங்கள் பக்கம் உடம்பு துவண்டால் யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தெருமுனைக் கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வோம். குளுக்கோஸ். ஷிப்ட் முடித்து வரிசையாகப் படுத்து ஏற்றிக்கொண்டு, எழுந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை எந்தச் சாயங்காலமும் அங்கே பார்க்கலாம். நானும் அந்தப் பெஞ்சில் படுத்தேன். அறுவையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. குளிர்ச்சியாக ஏறியது. தெம்பு வந்த மாதிரிகூட இருந்தது. இன்னொன்றும் போடுங்கள் என்றேன்.

மறுநாள் ஆடி ஞாயிறு. தேவகி எனக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போனோம். வேப்பிலைக் குவியல்கள், கூழ்க் குண்டான்கள், பம்பைச் சத்தம், ஈரச் சேலைகளோடு உருளுகிற பெண்கள். இதிலிருந்து எனக்கு நினைவு கிழிசல் கிழிசலாகத்தான் இருக்கிறது. கற்பூர வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. அம்மன் முகம் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது. கால் தரையில் பதியவில்லை, தரைதான் என் காலுக்கடியில் படகு மாதிரி ஆடியது. மீதியைத் தேவகி சொல்லித்தான் தெரியும். என் கண்மணிகள் இங்குமங்கும் துள்ளினவாம். நான் காலை அகட்டி வைத்து ஆடி ஆடி நடந்தேனாம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கத்தியிருக்கிறாள்.

"சாமி வந்துட்ச்சு! வழி உடுங்க, ஆத்தா வந்துட்டா!"

மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். பம்பைக்காரன் இன்னும் பக்கத்தில் வந்து அடித்தான். ஒருத்தி காலில் விழுந்து, "எம் மவனுக்கு எப்ப தாயி வேல கெடைக்கும்?" என்று குறி கேட்டாளாம். நான் அவளுக்குப் பதில்வேறு சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்பதைத் தேவகி இன்றுவரை சொல்லவில்லை. அவளும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு என் எதிரில் நின்றிருக்கிறாள். வேண்டுதல் பலித்ததென்று அழுதிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆடி மாதத்தில், அந்த மண்ணில், அந்தப் பம்பைக்கு முன்னால், ஆடுகிற மனுஷனை வேறு எப்படித்தான் படிப்பது?

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனேன். ஏணியை எப்படி ஏறினேனோ. கேபினில் உட்கார்ந்து மணி அடித்தேன். கீழே பார்த்தேன்.

இரண்டு கொக்கி.

ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல், இரண்டும் மெல்ல ஆடிக்கொண்டு, இரண்டும் உண்மையாக. கண்ணைக் கசக்கினேன். இரண்டு வாளி. இரண்டிலும் சூரியன் தளும்பியது. இரண்டு ஏழுமலைகள் இரண்டு வலைகளை வாரித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் முதுகைச் சில்லிடவைக்கிறது. சரி, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்று அமைதியாக முடிவு செய்தேன். எடுத்தேன். வாளி எழுந்தது. நகர்த்தினேன்.

விசில். நிறுத்தச் சொல்லும் நீண்ட விசில். நான் எடுத்துக்கொண்ட ஏழுமலை, இல்லாத ஏழுமலை. உண்மையானவன் வாளியின் வழியில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்து, ஓடாமல், விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தான். அவன் ஓடியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கை தானாக லீவரை விட்டது. வாளி அவனுக்கு எட்டாத தூரத்தில் நின்று, விளிம்பில் ஒரு துளி சிந்திற்று. சிமெண்டுத் தரை வெடித்துப் பொரிந்தது.

மாற்று ஆள் வந்து வாளியை இறக்கினான். என்னைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

மருத்துவமனையில் முதல் சில நாட்கள் என்னுடையவை அல்ல. நர்ஸிடம் நான் பள்ளிப்பட்டிலிருந்து கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்ததாகவும், வழியில் டயர் வெடித்ததாகவும் விவரமாகச் சொன்னேனாம். நான் லாரி ஓட்டியதே இல்லை. நினைவில் ஓட்டை விழுந்த இடத்தில் மூளை கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போடும் என்றார்கள். தேவகி கட்டிலோரம் உட்கார்ந்து, பொய் என்று சொல்லாமல், "அப்பறம் டயர் மாத்தினியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

தெளிந்த பிறகு டாக்டரம்மா சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். சர்க்கரையை எரித்துத் தெம்பாக்க உடம்புக்கு பி-ஒன் என்ற வைட்டமின் வேண்டும். அதை உடம்பு அதிகம் சேர்த்துவைப்பதில்லை. சில வாரம் விடாமல் வாந்தி எடுத்தால் காலி. காலியாக இருக்கும்போது குளுக்கோஸை ஏற்றினால், காற்றுப் புகாத அடுப்பில் விறகைத் திணித்த மாதிரி. எரியாது, புகையும். அந்தப் புகை மூளையில் கண்ணை அசைக்கும் இடத்தையும், நடையைப் பிடித்துவைக்கும் இடத்தையும், நினைவையும் போய்த் தொடும். "அங்க முதல்ல பி-ஒன் போட்டுட்டு அப்புறம் குளுக்கோஸ் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது. ஆனா நீங்க சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்? இனிமே எந்தப் பெஞ்சுல படுத்தாலும் முதல் வார்த்தை, எனக்கு வயிறு ஆபரேசன் ஆயிருக்குன்னுதான் இருக்கணும்."

ஊசியில் பி-ஒன் ஏற ஏற இரண்டு மின்விசிறிகள் நெருங்கி வந்து ஒன்றாயின. கண் சீக்கிரம் திரும்பியது. நடை சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பியது. நினைவு எல்லாம் திரும்பியதா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் கீழேதான் வேலை. ஒழுங்காக இருந்தேன். எப்போதும் கூடவே தண்ணீர் பாட்டில். கேன்டீனில் தனி மூலை, குட்டிக் கிண்ணம். எல்லாரும் எழுந்துபோன பிறகும் முட்டையை மென்றுகொண்டிருப்பேன். தேவகி தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நான் விழுங்கும்வரை கதவில் சாய்ந்து நிற்பாள். ஏழுமலை ஒவ்வொரு ஷிப்டிலும் வணக்கத்துக்குப் பதில் ஒன்று கேட்பான்.

"தின்னது உள்ள நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எத்தினி ஏழுமல தெரியறான்?"

"ஒரே பேஜாரு புடிச்ச ஏழுமலதான்."

"சர்தான், போ."

கண் டாக்டர் சரி என்றார். நரம்பு டாக்டர் சரி என்றார். கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். நேற்றுக் காலை நான் மறுபடி கிரேன் ஏற வேண்டிய நாள். தேவகி இரண்டு இட்லியை மசித்து, பருப்பு ஊற்றிக் கொடுத்தாள். சந்தோஷத்திலா, பதற்றத்திலா தெரியவில்லை, அள்ளி விழுங்கிவிட்டேன். ஆலைக்குள் போனதும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து நின்று அவ்வளவையும் வாந்தி எடுத்தேன். முந்தின நாளும் எடுத்திருந்தேன். அதற்கும் முந்தின நாளும். அவசரம் மட்டும்தான் காரணமா, உள்ளே குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறதா? அதைத்தான் நாளை பார்க்கப்போகிறார்கள்.

முகத்தைக் கழுவினேன். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டேன். ஏணியடியில் போய் நின்றேன். மேலே கொக்கி. ஒன்றுதான். ஆனால் ஓரமாகப் பார்த்தபோது அதன் நிழல் கொஞ்சம் தாமதமாக வந்து அதனோடு சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. உண்மையா, என் பயமா, இன்னும் எனக்குத் தெரியாது. உலை கர்ஜித்துக்கொண்டிருந்தது. வாளி காத்திருந்தது.

ஏழுமலை வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், நான் மேலே போகிற நாள் என்பதற்காக.

"தின்னது உள்ள நின்னுச்சா நைனா?"

நின்னுச்சு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை மாதம் அந்த ஒரு சொல்லுக்காக மென்றேன். அவன் புதுச் சட்டையைப் பார்த்தேன். விரித்த கைகளோடு ஓடாமல் நின்றவனைப் பார்த்தேன்.

"நிக்கல ஏழுமல. மூணு நாளா நிக்கல."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் இடுப்பிலிருந்த பாதுகாப்பு பெல்ட்டைத் தானே குனிந்து கழற்றினான். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆலை கேட்வரை கூடவே நடந்து வந்தான். தேவகிக்கு அவனே போன் போட்டு வரச்சொன்னான். அவள் ஸ்கூட்டர் வந்து நின்றதும் என் தோளைப் பிடித்துப் பின்னால் உட்காரவைத்தான்.

"வழில எங்கயும் பாட்டில் கீட்டில் ஏத்தாத. நேரா போயி அந்த ஊசியப் போட்டுக்கினு வா," என்றான். பிறகு, வண்டி நகரும்போது, "கொக்கி எங்கியும் போவாது நைனா. அங்கியேதான் தொங்கிக்கினு கீது."